ரெண்டரை மாசப் பிள்ளை புரளாது

அந்தோணியம்மாள் தூங்கி நான் பார்த்ததில்லை. மராத்தி பேசும் ஊரான சாங்வியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். நான் ஸ்டாஃப் நர்ஸ், அவர் ஆயா. இரவுப் பணியில் மற்ற ஆயாக்கள் காலிக் கட்டிலில் கொஞ்சம் சாய்ந்துகொள்வார்கள். நானும் சாய்ந்திருக்கிறேன், பொய் சொல்வானேன். அந்தோணியக்கா மட்டும் சுவரோரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு விடியும்வரை விழித்திருப்பார். கேட்டால் பழகிவிட்டது என்பார். அதை நம்பி நாங்கள் எல்லோரும் எங்கள் இரவுப் பணியை அவர் தலையில் கட்டினோம்.

அவர் வீடு போபோடியில், ரயில் பாதையை ஒட்டிய சந்தில். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அக்கா பிறந்தது, வளர்ந்தது, கட்டிக்கொண்டது எல்லாம் அந்தச் சந்துக்குள்தான். தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பார், கோபம் வந்தால் மராத்தி. கோயம்புத்தூரிலிருந்து நேராக வந்து இறங்கிய எனக்கு முதல் மாதம் அவர் சொன்னதில் பாதி புரியவில்லை. ஆனால் வேலையில் அவரை அடிக்க ஆள் கிடையாது. பிறந்து ஒரு நாளான பிள்ளையை முழங்காலில் போட்டுக் குளிப்பாட்டினால் அது அழக்கூட மறந்துவிடும். வீட்டுக்குப் போன பிறகும் தாய்மார்கள் அவரையே கேட்டு போன் செய்வார்கள்.

ஒரு விசித்திரம் மட்டும் உண்டு. பிள்ளை கண்ணை மூடிவிட்டால் அக்கா அதைக் கையில் வைத்திருக்க மாட்டார். தொட்டிலில் போட்டுவிடுவார், இல்லை அம்மாவிடம் கொடுத்துவிடுவார். கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்பார்.

காரணத்தை எனக்குச் சொன்னது அதே சந்திலிருந்து வந்த இன்னொரு ஆயா. அந்தோணியம்மாளின் தலைப்பிள்ளை இரண்டரை மாதத்தில் போய்விட்டதாம். தூக்கத்தில் புரண்டு பிள்ளை மேல் படுத்துவிட்டாளாம். சந்தில் அவளுக்குப் பேரே பிள்ளையை நெரிச்சவ என்பதுதானாம். பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரிச் சொல்லிவிட்டு அவள் பக்கெட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுநாளே அக்காவைப் பிள்ளைகள் அறையிலிருந்து எடுத்துத் துணி அறைக்குப் போட்டேன். ஆறு மாதம். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததையே நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். படித்தவள், நர்ஸ், ஒரு வார்த்தை அவரையே கேட்டிருக்கலாம். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

போன வருடம் ஜூலையில் ஆஸ்பத்திரிக்கு ஏதோ சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. அதற்கு ஆயாக்களுக்கும் பயிற்சி கொடுத்ததாகப் பதிவு இருக்க வேண்டுமாம். பெரிய டாக்டரம்மா ஒரு பொம்மையையும் ஒரு படத்தாளையும் என் கையில் கொடுத்து, பச்சைப்பிள்ளையை எப்படித் தூங்கவைப்பது என்று அரைமணி நேரம் பேசச் சொன்னார். எட்டு ஆயாக்கள் தரையில் உட்கார்ந்தார்கள். நான் இந்தியில் பேசினேன்.

தூங்கும்போது எப்போதும் மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும், பகலானாலும் இரவானாலும். ஒருக்களித்தும் வேண்டாம், குப்புறவும் வேண்டாம். படுக்கை சமமாக, கெட்டியாக இருக்கட்டும். பெரியவர்கள் தூங்கும் கட்டிலில் வேண்டாம், அதே அறையில் தனிப் படுக்கை. கோதடியை, அதாவது பழைய புடவைகளை அடுக்கித் தைக்கும் இந்த ஊர்ப் போர்வையை, பிள்ளைக்கு அடியில் மெத்தென்று மடித்துப் போடாதீர்கள், முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். தலையணை கூடவே கூடாது. கடுகை நிரப்பித் தைத்த குட்டித் தலையணையும் சேர்த்துத்தான். தலை உருண்டையாக வரும் என்று இங்கே வைக்கிறார்கள். நம் ஆட்கள் மராத்தி பேசப் பத்து வருடம் எடுத்துக்கொள்வார்கள், கடுகுத் தலையணையை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். தலை சப்பையாகிவிடுமே என்று பயந்தால், பிள்ளை விழித்திருக்கும்போது நம் கண்ணெதிரே கொஞ்ச நேரம் குப்புறப் போடலாம், அது போதும். மல்லாக்கக் கிடந்து பாலைக் கக்கினால் மூச்சடைக்காதா என்று ஒருத்தி கேட்டாள். அடைக்காது, பிள்ளை தானே விழுங்கிவிடும், இல்லை துப்பிவிடும், குப்புறக் கிடந்தால்தான் ஆபத்து அதிகம் என்றேன். எனக்கே என் வகுப்பு பிடித்துப்போயிருந்தது.

அப்போது அந்தோணியக்கா கையைத் தூக்கினார். வகுப்பில் அவர் மட்டும் தமிழில் கேட்டார்.

"சிஸ்டர், ரெண்டரை மாசப் பிள்ளை தானா குப்புறப் பொரளுமா?"

"பொரளாதுங்கக்கா. நாலு மாசமாச்சும் ஆகோணும். அதுக்கு முன்னால யாராச்சும் திருப்பிப் போட்டாத்தான் உண்டு."

அவர் இன்னொரு தடவை அதையே கேட்டார். நானும் பொம்மையைத் திருப்பிக் காட்டி அதையே சொன்னேன். பெரிய டாக்டரம்மாவாக இருந்தால் பெரும்பாலும் என்று ஒரு வார்த்தை சேர்த்திருப்பார். எனக்கு அது தோன்றவில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அக்கா கையெழுத்துப் போடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். மூட்டு வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் படத்தாளைச் சுருட்டினேன்.

மறுநாள் காலையில் துணி அறைக்கு என்னைக் கூப்பிட்டார். துவைத்த விரிப்புகளை மடித்துக்கொண்டே சொன்னார். மடிப்பு ஒன்றுகூடக் கலையவில்லை.

தொண்ணூற்றாறு ஜனவரி. பிள்ளைக்கு ராஜா என்று பேர். அந்தோணியக்காவுக்கு இருபத்து நாலு வயது. கணவர் ஜானுக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். காலை ஐந்தரைக்கு எழுந்து பிள்ளைக்குப் பால் கொடுத்து, பாயில் மல்லாக்கப் போட்டுவிட்டு, சந்து முனைக் குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போனார். அன்றைக்கு வரிசை நீளம். ஆறரைக்கு ஜான் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தார். ஏழரைக்குக் குடத்தோடு அக்கா திரும்பியபோது ஜான் பாயின் ஒரு ஓரத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை சத்தமில்லாமல் கிடந்ததால் எழுப்ப வேண்டாமென்று உலை வைத்தார். எட்டு மணிக்குப் போய்த் தூக்கினார். பிள்ளை குப்புறக் கிடந்தது, முகம் கோதடியில் புதைந்திருந்தது.

ஜான் எழுந்து, தான் வந்தபோதே பிள்ளை சத்தமில்லாமல்தான் கிடந்தது, தூங்குகிறது என்று நினைத்துத் தொடவில்லை என்றார். பக்கத்து வீட்டிலிருந்து அவருடைய அக்கா ஓடிவந்தார். உடம்பு அசந்து புரண்டிருப்பாள், பிள்ளை அடியில் மாட்டியிருக்கும், இவளுக்கே தெரிந்திருக்காது என்று முதலில் சொன்னது அந்த நாத்தனார்தான். ஐந்தரைக்குப் பால் குடித்தானே என்று இவர் கதறினார். தூக்கக் கலக்கத்தில் கொடுத்ததாக நினைத்திருப்பாய் என்றார்கள். டாக்டர் மூச்சு நின்றது என்று எழுதிக் கொடுத்தார், அதற்கு மேல் யாரும் கிளறவில்லை. பத்து பேர் பத்து நாள் சொன்னதும் அக்காவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பால் கொடுத்தோமா, முந்தின நாள் கொடுத்ததை நினைத்துக்கொண்டிருக்கிறோமா? வருடம் போகப் போகப் பால் கொடுத்தது கனவு போலாகி, புரண்டு படுத்தது உண்மையாகிவிட்டது.

இரண்டு வருடம் கழித்து ரீனா பிறந்தாள். ஒரு வயது வரை இரவில் அவளை நாத்தனார்தான் தன்னிடம் வைத்துக்கொண்டார். அக்கா மறுக்கவில்லை. தன்னைக் கண்டு தானே பயந்தவர் எதைச் சொல்லி மறுப்பார்? அப்போது ஆரம்பித்ததுதான் இந்த உட்கார்ந்தபடி விழிப்பது.

"ரீனா நாலாம் மாசம் முடிஞ்சிதான் குப்புற வுழுந்திச்சி சிஸ்டர். நாந்தான் பணியாரம் சுட்டு சந்து பூரா குடுத்தேன்" என்றார் அக்கா. "அன்னிக்கிக்கூட எனக்குத் தோணலியே."

நம் வீடுகளில் பிள்ளை முதன்முதல் குப்புற விழுந்தால் இனிப்பு செய்து அக்கம்பக்கம் கொடுக்கிறோம். அது எந்த மாதம் என்று எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். அந்தச் சந்தில் இருந்த அத்தனை பெண்களும் பணியாரம் சுட்டவர்கள், பணியாரம் தின்றவர்கள். இரண்டரை மாதப் பிள்ளை குப்புறக் கிடந்ததே, எப்படி என்று ஒருத்தியும் கேட்கவில்லை. பெற்றவள்மேல் பழி போட ஆள் ரெடியாக இருக்கும்போது யோசிக்கிற சிரமம் எதற்கு?

வகுப்பு முடிந்த அன்று சாயங்காலமே அக்கா ஜானைக் கேட்டிருக்கிறார். டீவியை அணைத்துவிட்டு, ராஜாவைத் திருப்பிப் போட்டது யார் என்று நேராகக் கேட்டிருக்கிறார். அவர் மறுக்கக்கூட இல்லை. வந்தபோது பிள்ளை அழுதது, குப்புறப் போட்டால் தூங்கும் என்று திருப்பிப் போட்டேன், தூங்கிவிட்டது, நானும் தூங்கிவிட்டேன் என்றாராம். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு ஒரு பதில் சொன்னார். அதை அக்கா அவர் சொன்ன மாதிரியே எனக்குச் சொல்லிக் காட்டினார்.

"நான் உன்ன ஒண்ணும் சொல்லலியே. ஊருதான சொல்லிச்சி."

குப்புறப் போட்டதை நான் குற்றம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள், போடச் சொன்ன டாக்டர்களும் இருந்தார்கள். அதனால்தான் உயிர் போனது என்று அறுதியிட்டுச் சொல்லவும் யாராலும் முடியாது, குப்புறப் படுத்துப் பிழைத்த பிள்ளைகள் கோடி. ஆனால் திருப்பிப் போட்ட கை தன்னுடையது என்று தெரிந்தும், அதே வீட்டில், அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு, அவள் உட்கார்ந்தே விடிய வைப்பதைப் பார்த்துக்கொண்டு இருபத்தெட்டு வருடம் வாயை மூடியிருந்தாரே, அதற்கு என்ன பேர் வைப்பது? எனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும் நல்ல வார்த்தை இல்லை.

அக்காவுக்குச் சண்டை வேண்டாம். சந்துக்குத் தெரிய வேண்டும் என்றுகூட அவர் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ரீனாவிடம் ஜான் தன் வாயால் சொல்ல வேண்டும்.

ரீனா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. கணவன் கேஷவுடன் சாங்வியில் இருந்தாள், ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. பிரசவத்துக்குப் பிறகு மூன்று மாதம் போபோடிக்கு வருவதாக ஏற்பாடு. வருவதற்கு முன்பே தன்மையாக ஒரு பேச்சைச் சொல்லிவிட்டாள். மம்மி குளிப்பாட்டட்டும், எண்ணெய் தேய்க்கட்டும், ஆனால் பிள்ளை தூங்கும்போது டாடி பக்கத்தில் இருக்கட்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. அத்தை வீட்டில் தூங்கி வளர்ந்தவள், அத்தை சொன்னதைக் கேட்டு வளர்ந்தவள். அவளையும் நான் என்ன சொல்ல?

ஜான் சொல்கிறேன் என்றார். பிரசவம் ஆகட்டும், இந்த நேரத்தில் அவளைக் கலக்கக் கூடாது என்றார். செப்டம்பர் கடைசியில் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆண்பிள்ளை பிறந்தது. பச்சை உடம்புக்காரி, நாற்பது நாள் கழியட்டும் என்றார். நாற்பது கழிந்ததும் ஞானஸ்நானம் முடியட்டும் என்றார். அது முடிந்ததும் கிறிஸ்துமஸ் வருகிறதே என்றார். தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போகாத மனுஷன் இது ஒன்றை மட்டும் நாள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இதற்கு நடுவே அக்கா நேரடியாகவும் முயன்றார். என் வகுப்பில் கேட்டதை எல்லாம் பிள்ளைக்கு அப்படியே செய்து வைத்திருந்தார். மரத்தொட்டில், கெட்டி மெத்தை, மல்லாக்க. அவர் வேலைக்குக் கிளம்பியதும் ஜான் பிள்ளையைத் தூக்கித் தன் கட்டிலில் போட்டுக்கொள்வார். மல்லாக்கப் போட்டால் திடுக்கிடுகிறான், மண்டை சப்பையாகிவிடும் என்பார். ரீனா கூகுளில் ஆங்கிலத்தில் படித்தவள்தான், அவளுக்கும் தெரியும். ஆனால் மம்மி சொல்கிறாள் என்பதாலேயே அந்த விஷயத்துக்கு மதிப்புக் குறைந்துவிட்டது. பிள்ளை தூக்கத்தைப் பற்றிப் பேச இவளுக்கு என்ன தகுதி என்ற நினைப்பு அந்த வீட்டின் சுவரிலேயே ஊறியிருந்தது.

டிசம்பர் முதல் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்க்க என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கேஷவ் வரவில்லை. மட்டன் குழம்பு, சோறு, பப்படம். நல்ல குளிர், வெயிலில் உட்கார்ந்தால் எழ மனம் வரவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் நான் வாசலில் ரீனாவோடு பேசிக்கொண்டிருந்தேன். அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தட்டுகள் மொத்தமாகத் தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தோம். உள்ளறைக் கட்டிலில் ஜான் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான்காக மடித்த கோதடியில் பிள்ளை கிடந்த தடம். பிள்ளை அக்காவின் கையில் இருந்தது. பிள்ளை ஒரு கணம் சும்மா இருந்தது, பிறகு வீல் என்று கத்தியது. குப்புறத்தான் கிடந்திருக்கிறது, துணி அழுந்திய கோடு மூக்கிலும் கன்னத்திலும் தெரிந்தது. பத்து வாரப் பிள்ளை.

ரீனா முதலில் பார்த்தது அம்மாவின் கையில் அலறுகிற பிள்ளையைத்தான். "மம்மி, அவன டாடிகிட்ட குடு" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தினமும் சொல்லிப் பழகின குரல் அது.

ஜான் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினார்.

அக்கா கொடுக்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

ஜான் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு, தரையில் கிடந்த தட்டுகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தமிழில் பாதி, இந்தியில் பாதி. ராஜாவைத் திருப்பிப் போட்டது தான்தான். ஆறரைக்கு வந்தபோது பிள்ளை உயிரோடு இருந்தது, அழுதது. மம்மி மேல் தப்பில்லை. அவ்வளவுதான். ஒரு பிசகும் இல்லாமல் சொல்லி முடித்தார். இருபத்தெட்டு வருடம் மனதில் எழுதி வைத்திருந்தவர் போல.

நான் ரீனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மாவின் காலில் விழுவாள், அப்பாவைப் பிடித்து உலுக்குவாள், ஏதாவது ஒன்று செய்வாள் என்று எதிர்பார்த்தேன். கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் அவள் போனது ஜானின் பக்கத்தில். கட்டிலில் உட்கார்ந்து அவர் முதுகில் கையை வைத்தாள்.

"சோடோ நா மம்மி" என்றாள். விட்டுவிடு என்கிறாள். "டாடி வேணும்னா பண்ணாரு? நைட் ஷிஃப்ட் முடிச்சி வந்திருக்காரு, தக் கயே தே. அப்ப யாருக்கு இதெல்லாம் தெரியும்? இத்தினி வருஷம் கழிச்சி எதுக்கு?"

பிறகு ஜானிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

முடிந்தது. அக்கா செய்ததாக இருந்தவரை அது ஒரு சந்து முழுக்க, இரண்டு தலைமுறை பேசின பேச்சு. அவர் வேலையை மாற்றியது, மகளை இரவில் பிரித்து வைத்தது. ஜான் செய்ததாக ஆனபோது ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவருவதற்குள் மன்னித்து மூடிவிட்டார்கள். களைப்பாக இருந்தாராம். இருபத்து நாலு வயதில் பத்து வாரப் பிள்ளையை வைத்துக்கொண்டு, விடியுமுன் குழாயடியில் வரிசையில் நின்றவளுக்குக் களைப்பே இருந்திருக்காதா?

பிள்ளை அழுகை ஓய்ந்து அக்காவின் தோளிலேயே தூங்கிப்போனது. அவர் தொட்டிலுக்குப் போய், அதில் யாரோ திரும்பவும் வைத்திருந்த கடுகுத் தலையணையை எடுத்து வெளியே போட்டார். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்துச் சட்டையைச் சரிசெய்தார். யாரும் தடுக்கவில்லை. நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"விட்டுட்டேம்மா. நீ சொல்றது சரிதான். டாடிய இப்ப விட்ட மாதிரி, என்னியும் ஒரு நாளு யாராச்சும் விட்டிருக்கலாம் இல்ல?"

ரீனா தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்து, கடைசியில் என்னையும் பார்த்தார். ஆறு மாதம் அவரைத் துணி அறையில் போட்டவள் நான்.